முகவரித் திட்டத்தை இடவாரியாகப் போடுங்கள்

பெரிய நிறுவனத்துக்கு ஐபி முகவரித் திட்டம் (நெட்வொர்க்கில் உள்ள கருவிகளுக்கு எண்களைப் பகிர்ந்து கொடுப்பது) போடும்போது கணக்குப் பிரிவுக்கு 10.1, மனிதவளத்துக்கு 10.2 என்று துறைவாரியாகப் பிரிக்கத்தான் முதலில் கை போகும். தயவுசெய்து வேண்டாம். எல்லாத் துறையும் எல்லாக் கிளையிலும் இருக்கும், ஆகவே ஒவ்வொரு கிளையின் ஒவ்வொரு துறைக்கும் தனித்தனி ரூட் (வழிக்குறிப்பு) ஓடி, நடுவில் இருக்கும் ரவுட்டரின் வழி அட்டவணை ஊதிக்கொண்டே போகும். பல கிளைகள் சேர்ந்த ஒரு மண்டலத்துக்கு ஒரே முகவரித் தொகுதி என்று வைத்தால், அந்த மண்டலம் முழுவதையும் 10.16.0.0/12 (சாய்கோட்டுக்குப் பின் வரும் எண், முகவரியின் 32 பிட்டில் முதல் எத்தனை பிட் மாறாது என்பது; அது கூடக் கூடத் தொகுதி சிறிதாகும்) என்ற ஒரே வரியில் மற்றவர்களுக்குச் சொல்லிவிடலாம். அங்கே ஒரு லைன் விழுந்து எழுந்தாலும் மற்ற மண்டலங்களின் ரவுட்டர்களுக்கு அது தெரியவே வேண்டியதில்லை.

தனியார் பயன்பாட்டுக்கு 1996-ல் ஆர்எஃப்சி 1918 என்ற இணைய ஆவணம் ஒதுக்கியதில் பெரியது 10.0.0.0/8, ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்துக்கும் மேல் முகவரிகள். அதைப் பதினாறு /12 ஆக வெட்டி மண்டலத்துக்கு ஒன்று கொடுங்கள், பாதியைத் தொடாமல் வையுங்கள். கிளைக்கு ஒரு /21, அதாவது எட்டு /24. இப்படிச் செய்தால் ஒவ்வொரு கிளையும் மூன்றாவது எண்ணில் எட்டின் மடங்கில் தொடங்கும்: 0, 8, 16, 24 என்று. அதற்குள் முதல் /24 ஸ்விட்ச், ரவுட்டர் நிர்வாகத்துக்கு, அடுத்தது ஊழியர்களுக்கு, மூன்றாவது ஐபி போனுக்கு, பிறகு பிரிண்டரும் கேமராவும், பிறகு விருந்தினர் வைஃபை, கடைசி மூன்று காலி. எல்லாக் கிளையிலும் இதே வரிசைதான், ஒரு கிளைக்கும் விதிவிலக்கு கிடையாது.

நடுராத்திரி 10.16.42.57 என்று ஒரு அலாரம் வருகிறது என்று வையுங்கள். 42-க்குக் கீழே உள்ள எட்டின் மடங்கு 40, எனவே அந்த மண்டலத்தின் ஆறாவது கிளை, மீதி 2, எனவே போன். எந்த எக்செல் ஷீட்டையும் திறக்க வேண்டாம். சிஸ்கோ ரவுட்டரில் 10.0.2.0 0.255.248.255 என்று ஒரே வைல்டு கார்டு (எந்தெந்த பிட்டைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லும் எண்) வரியில் எல்லாக் கிளைகளின் போன்களையும் பிடித்துவிடலாம், இது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

அப்புறம், 192.168.0, 192.168.1 இரண்டையும் அலுவலகத்தில் தொடவே தொடாதீர்கள், வீட்டு வைஃபை ரவுட்டர்கள் பலவும் அதில்தான் வருகின்றன, வீட்டிலிருந்து விபிஎன் வழியாக அலுவலகத்தோடு இணைந்ததும் மோதும். டாக்கர் (நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் மென்பொருள்) தானாக எடுத்துக்கொள்வது 172.17.0.0/16, அதையும் விடுங்கள்.

128 பிட் நீளமுள்ள புதிய முகவரி முறையான ஐபிவி6-க்கும் இதே யோசனைதான், கிளைக்கு ஒரு /48, அதில் 65,536 /64 சப்நெட் (துணை நெட்வொர்க்) கிடைக்கும், ஆகவே கஞ்சத்தனமே தேவையில்லை. பிரிக்கும்போது நான்கு பிட் எல்லையில் மட்டும் வெட்டுங்கள், அப்போதுதான் முகவரியின் ஒரு ஹெக்ஸ் எழுத்து (0-9, a-f) ஒரு மண்டலத்தையோ கிளையையோ முழுதாகக் குறிக்கும், மேலே போட்ட கணக்கைக்கூடப் போட வேண்டியிருக்காது.