ஐ5-4590க்கு விபி9 தெரியாது

எங்கள் ஹாலில் இருக்கும் டெஸ்க்டாப், ஏதோ ஒரு அலுவலகம் கழித்துக் கட்டியது, பிராசஸர் இன்டெல் ஐ5-4590. எட்டு ஜிபி ரேம். கிராபிக்ஸ் கார்டு என்று தனியாக எதுவும் கிடையாது, பிராசஸருக்குள்ளேயே இருக்கும் இன்டெல் ஹெச்டி 4600தான். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் போட்டு வைத்திருக்கிறேன். அம்மா அதில் யூடியூபில் கும்பாபிஷேகம் பார்ப்பார். வீடியோ ஓடத் தொடங்கியதுமே ஃபேன் மாவு மில் மாதிரி இரையும். "மந்திரம் எங்கடா கேக்குது, பொட்டி சத்தம்தான் கேக்குது" என்று அடிக்கடி புகார்.

எந்த புரோகிராம் பிராசஸரை எவ்வளவு தின்கிறது என்று காட்டும் டாப் கட்டளையை டெர்மினலில் கொடுத்துப் பார்த்தால், ஃபயர்பாக்ஸ் பிரவுசர் பிராசஸரின் கிட்டத்தட்ட இரண்டு கோரை விழுங்கிக்கொண்டிருந்தது. சுருக்கி வரும் வீடியோவைப் படமாக விரிக்கும், அதாவது டிகோட் செய்யும் வேலை முழுக்க பிராசஸர் தலையில், கிராபிக்ஸ் பகுதி சும்மா இருக்கிறது என்று அர்த்தம்.

இதற்கு ஊரே சொல்லும் வைத்தியம், அபவுட்:கான்ஃபிக் என்ற ஃபயர்பாக்ஸின் உள் செட்டிங் பக்கத்துக்குப் போய் ஒரு மறைவான செட்டிங்கை ட்ரூ ஆக்குவது. சரி, ஆக்கலாம். ஆனால் அதற்கு முன்னால் சிப்புக்கு என்னென்ன தெரியும் என்று அதனிடமே கேட்டுவிடுவது நல்லது. விஏஇன்ஃபோ என்று ஒரு சின்ன கருவி இருக்கிறது. ஓட்டினால் ஒரு பட்டியல் கொட்டும். எம்பெக்2, ஹெச்264, விசி1 என்ற கோடெக்குகள், அதாவது வீடியோவைச் சுருக்கும் முறைகள், எல்லாவற்றுக்கும் எதிரே விஎல்டி என்று முடியும் வரி இருந்தது, அதாவது டிகோட் செய்ய வரும். விபி9 என்ற கோடெக்கின் பேச்சே இல்லை. இருக்கவும் வாய்ப்பில்லை. என் சிப் சேர்ந்த ஹாஸ்வெல் தலைமுறை வந்தது 2013இல். இன்டெல் விபி9ஐ முழுசாகச் சிப்பில் கொண்டுவந்தது பின்னால் வந்த கேபி லேக் தலைமுறையில்தான், இன்னும் புதிய கோடெக்கான ஏவி1 அதற்கும் பிறகு டைகர் லேக்கில். பழைய சிப் என்பதால் டிரைவரும் பழைய ஐ965தான் வேண்டும். புது மீடியா டிரைவர் ஹாஸ்வெல்லுக்கு அடுத்த தலைமுறையான பிராட்வெல்லில் இருந்துதான் ஆரம்பம்.

ஃபயர்பாக்ஸ் 115இல், அதாவது 2023 ஜூலையில், லினக்ஸில் இன்டெல் கிராபிக்ஸுக்கு ஹார்ட்வேர் டிகோடிங், அதாவது டிகோட் வேலையைக் கிராபிக்ஸ் பகுதியிடம் தள்ளுவது, தானாகவே இயங்கும்படி செய்துவிட்டார்கள். இருந்தும் என் மெஷினில் அபவுட்:சப்போர்ட் பக்கத்தில் ஹார்ட்வேர் டிகோடிங் முடக்கம் என்றே காட்டியது. பிரவுசர்காரர்கள் இதைக் காரணமில்லாமல் செய்வதில்லை. சில டிரைவர்களில் திரை பச்சையாகும், சிலவற்றில் பிரவுசரே விழுந்துவிடும், அதனால் தடைப்பட்டியல் ஒன்று வைத்திருக்கிறார்கள். குரோமிலும் உண்டு. அங்கே ஃபிளாக்ஸ் பக்கத்தில் 'ஓவர்ரைடு சாஃப்ட்வேர் ரெண்டரிங் லிஸ்ட்' என்று இருப்பது அந்தப் பட்டியலைத் தாண்டிக் குதிக்கத்தான்.

ஃபயர்பாக்ஸில் அந்தத் தடையைத் தாண்ட நான் மாற்றிய மறைவான செட்டிங், மீடியா.ஹார்ட்வேர்-வீடியோ-டிகோடிங்.ஃபோர்ஸ்-எனேபிள்ட். ட்ரூ ஆக்கி ஃபயர்பாக்ஸை மூடித் திறந்தால் முடிந்தது.

இத்தோடு நிறுத்தியிருந்தால் அம்மாவின் புகார் அப்படியே இருந்திருக்கும். காரணம் யூடியூப். ஓடும் வீடியோ மேல் ரைட் கிளிக் செய்து 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' திறந்தால் கோடெக் வரியில் விபி09 என்று நிற்கும். சிப்புக்குத் தெரியாத அதே விபி9. எந்த செட்டிங்கைத் தட்டினாலும் இல்லாத சர்க்யூட் முளைக்காது. யூடியூபைத்தான் வழிக்குக் கொண்டுவர வேண்டும். என்ஹான்ஸ்டு-ஹெச்264இஃபை என்ற எக்ஸ்டென்ஷன் போட்டு, விபி9, ஏவி1 இரண்டையும் தடுத்தேன். வீடியோவை மறுபடி திறந்ததும் அதே வரியில் ஏவிசி1, அதாவது ஹெச்264.

உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று பார்க்க, கிராபிக்ஸ் பகுதியின் உழைப்பைக் காட்டும் இன்டெல்_ஜிபியு_டாப். நிர்வாகி அனுமதி தரும் சூடோ போட்டுத்தான் ஓட்ட வேண்டும். அதில் 'ரெண்டர்', 'பிளிட்டர்', 'வீடியோ' என்று தனித்தனி வரிகள். அதுவரை பூஜ்யத்தில் கிடந்த 'வீடியோ' வரி, ப்ளே அழுத்தியதும் எழுந்து ஆட ஆரம்பித்தது. பாஸ் செய்தால் படுத்துவிடும். கொஞ்ச நேரம் சும்மாவே ப்ளே, பாஸ் என்று அழுத்திக்கொண்டிருந்தேன். டாப்பில் ஃபயர்பாக்ஸ் ஒரு கோரில் சொற்ப பங்குக்கு இறங்கியிருந்தது.

இதில் ஒரு இழப்பு உண்டு. ஹெச்264இல் யூடியூப் 1080பிக்கு மேல் தராது, 4கே எல்லாம் மெனுவிலேயே வராது. எங்கள் மானிட்டரே 1080பிதான், ஆகவே கவலையில்லை.

யாராவது செய்து பார்த்து திரையில் பச்சைப் பட்டை வந்தால் ஹெல்ப் மெனுவில் டிரபிள்ஷூட் மோடில் திறங்கள். அதில் கிராபிக்ஸ் முடுக்கம் அணைந்தே இருக்கும். அப்புறம் அபவுட்:கான்ஃபிக்கில் அந்த வரிக்கு வலப்பக்கம் இருக்கும் வளைந்த அம்புக்குறியை அழுத்தினால் பழையபடி ஆகிவிடும்.