செஞ்செத்தும் இலந்தையும்

பகலில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பது என் தொழில். இரவு உணவுக்குப் பின், தன்னார்வலர்கள் சேர்ந்து எழுதும் தமிழ் இணையக் கலைக்களஞ்சியம் ஒன்றில் கட்டுரைகளைத் திருத்துவது பதினோரு ஆண்டுகளாகத் தொடரும் வழக்கம். இரண்டிற்கும் ஒரே கண் போதும் என்றுதான் தொடக்கத்தில் நினைத்திருந்தேன். அச்சகத்தில் பிழை என்றால் மூலப்படிக்கும் அச்சுப்படிக்கும் இடையே உள்ள வேறுபாடு. மூலப்படியை எழுதியவர் சொல்வது உண்மையா என்று கேட்கும் பொறுப்பு மெய்ப்புப் பார்ப்பவருக்கு இல்லை. கலைக்களஞ்சியத்தில் அந்தக் கேள்வியில்தான் வேலையே தொடங்குகிறது. ஈரானியப் பண்பாடு குறித்த சில கட்டுரைகளையும், அவற்றின் உரையாடல் பக்கங்களில் நாங்கள் ஐந்தாறு பேர் மாதக்கணக்கில் நடத்திய வாதங்களையும் கடந்து வந்தபோதுதான் இது எனக்கு உறைத்தது.

நவ்ரூஸ் பற்றிய கட்டுரையை விரிவாக்கத் தொடங்கியபோது அதில் இரண்டு பத்திகளே இருந்தன. “ஈரானியரின் புத்தாண்டு” என்ற முதல் தொடரிலேயே தகராறு வந்தது. இளவேனிலின் சம பகலிரவு நாளில், பெரும்பாலும் மார்ச் 20 அல்லது 21 அன்று பிறக்கும் இந்தப் புத்தாண்டை ஆப்கானியரும் தாஜிக்குகளும் குர்துகளும் அசர்பைஜானியரும் தங்களுடையதாகவே கொண்டாடுகின்றனர். 2009இல் யுனெஸ்கோ இதைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது அதை முன்மொழிந்த 7 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. 2016இல் அந்த எண்ணிக்கை 12 ஆனது. இந்திய பார்சிகளில் பெரும்பாலோர் தங்கள் ஆண்டுப் பிறப்பை ஆகஸ்டில் கொண்டாடுவதையும், மார்ச்சில் வரும் ஜம்ஷேதி நவ்ரூஸ் வேறு என்பதையும் மும்பையில் வாழும் ஒரு நண்பர் எடுத்துக் காட்டினார். எங்கள் கட்டுரை இரண்டையும் ஒன்றாகக் குழப்பியிருந்தது. ஒரு வாரத்தில் இவையெல்லாம் தீர்ந்தன. நாட்டின் பெயரும் நாளும் சார்ந்த சிக்கல்களுக்குப் பெரும்பாலும் நல்ல ஆவணம் கிடைத்துவிடுகிறது.

தீராமல் நின்றது ஹஃப்த் சீன் என்ற பகுதி. நவ்ரூஸ் விரிப்பில், பாரசீக எழுத்தான ‘சீன்’ என்பதில் தொடங்கும் ஏழு பொருள்களை அடுக்கி வைப்பது வழக்கம்: சப்ஜே எனப்படும் முளைவிட்ட பசும்பயிர், கோதுமை முளையைக் காய்ச்சிச் செய்யும் சமனு, செஞ்செத், சீர் என்கிற பூண்டு, சீப் என்கிற ஆப்பிள், சொமாக் என்கிற புளிப்பான பழத்தூள், செர்க்கே என்கிற காடி. எல்லாவற்றையும் தமிழில் பெயர்த்துவிட்டால் ‘சீன்’ என்ற எழுத்தே காணாமற்போய், இந்தப் பொருள்கள் ஏன் ஓரிடத்தில் கூடின என்பதே வாசகருக்கு விளங்காது. ஆகவே பாரசீகப் பெயரை முன்னும் தமிழ்ப் பெயரைப் பின்னும் தந்தோம். செஞ்செத் என்பதற்கு நேராக நான் “இலந்தைப் பழம்” என்று எழுதினேன். ஒரு சுற்றுலாத் தளத்தில் அப்படித்தான் விளக்கம் இருந்தது. படத்திலும் உலர்ந்த, செம்பழுப்பான, கொட்டையுள்ள சிறு பழம், பார்வைக்கு இலந்தை வற்றலைப் போலவே இருந்தது. எனக்கு ஐயம் எழவில்லை.

ஓராண்டுக்கும் மேலாக அந்தச் சொல் அங்கேயே இருந்தது. பிறகு யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த தாவரவியல் ஆசிரியை ஒருவர் அதை நீக்கினார். செஞ்செத் வெள்ளிபோல் மினுங்கும் இலைகளை உடைய மரத்தின் பழம் என்றும், எலியாக்னஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்தது என்றும், இலந்தை வேறு குடும்பம் என்றும், ஈரானில் இலந்தைக்கு நெருங்கிய இனத்தின் பழத்துக்கு ‘அன்னாப்’ என்ற தனிப் பெயர் உண்டு என்றும் உரையாடல் பக்கத்தில் எழுதினார். அன்று மாலையே புதிய பயனர் ஒருவர் இலந்தையைத் திரும்பக் கொண்டுவந்து, சான்றாக ஒரு நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைச் சேர்த்தார். “அச்சில் வந்த சான்று இருக்கிறது, அம்மா, தங்களிடம் தமிழ்ச் சான்று உண்டா?” என்று மரியாதையாகவே கேட்டிருந்தார்.

அந்த ஞாயிறு இணைப்பைத் தேடிப் படித்தேன். நான்காம் பத்தியில் என் வாக்கியம் இருந்தது. என் வாக்கியம் என்று எப்படித் தெரிந்தது என்றால், “கொட்டையொடு கூடிய” என்று ‘ஒடு’வைக் குறுக்கி எழுதும் பழக்கம் எனக்கு உண்டு, அச்சகத்தில் அதற்காகவே பலமுறை திருத்தப்பட்டிருக்கிறேன். அந்தக் குறுக்கலும் அதன் பின்வந்த அரைப்புள்ளியும் அப்படியே அங்கே நின்றன. எங்கள் கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தைப் பார்த்தபோது, நாளிதழில் வருவதற்குப் பத்து மாதங்களுக்கு முன்பே நான் அதை எழுதியிருந்தது தெரிந்தது. என் பிழை வெளியே போய், அச்சு மையில் குளித்து, எனக்கே சான்றாகத் திரும்பி வந்திருந்தது. சுற்றுவழிச் சான்று என்று இதைப் பற்றி வழிகாட்டல்களில் படித்திருக்கிறேன். ஆனால் அன்று திரையின் முன் உட்கார்ந்திருந்தபோது, ஊரார் முன்னால் பொய் சொல்லிவிட்டவனைப் போல உடல் கூசியது. நடந்ததை முழுமையாக உரையாடல் பக்கத்தில் எழுதி, ஆசிரியையிடமும் புதிய பயனரிடமும் பொறுத்துக்கொள்ளக் கேட்டேன். நாளிதழுக்கும் எழுதினேன், மறுமொழி வரவில்லை. அந்த இணைப்பின் பக்கத்தில் இலந்தை இன்னும் இருக்கிறது.

அதே பகுதியில் இன்னொரு கூற்று, சான்றே இல்லாமல், எல்லாருடைய அன்பையும் பெற்று உட்கார்ந்திருந்தது. பழங்காலத்தில் இது ஹஃப்த் ஷீன் என்று இருந்ததாம். ‘ஷீன்’ எழுத்தில் தொடங்கும் ஏழு பொருள்களுள் ஷராப் என்னும் மதுவும் இருந்ததாம். அரபுப் படையெடுப்புக்குப் பின் மது விலக்கப்பட்டதால் ஷீன் சீனாக மாறியதாம். நல்ல கதை. ஒரு நாட்டின் துயரம் முழுவதையும் ஓர் எழுத்தின் மூன்று புள்ளிகளில் அடக்கிச் சொல்லும் கதை. எங்களோடு எழுதும் ஓய்வுபெற்ற அரபி ஆசிரியர் ஒருவர் மிகப் பொறுமையாக ஒரு குறிப்பு எழுதினார்: ஷராப் என்பதே அரபுச் சொல், குடித்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து வந்தது, நாம் கோடையில் குடிக்கும் சர்பத்தும் அதே வேரில் பிறந்ததுதான். அந்தப் பட்டியலில் மெழுகுவத்தியைக் குறிக்கும் ஷம் என்பதும் அரபுச் சொல். அரபு ஆட்சியால் அழிந்த பட்டியல் என்றால், அரபு வருவதற்கு முன்பே அரபுச் சொற்கள் அதில் எப்படி வந்தன?

இதைவிடத் தெளிவான மறுப்பு இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது. அப்படியே கட்டுரையில் சேர்க்கலாம் என்றேன். அவரே தடுத்தார். இது தன் சொந்த வாதம் என்றும், சொந்த ஆய்வு கட்டுரைக்குள் வரக்கூடாது என்ற விதி தன் வாதம் சரியாக இருக்கும்போதும் பொருந்தும் என்றும் சொன்னார். பிறகு ஈரானியல் கலைக்களஞ்சியமான என்சைக்ளோபீடியா ஈரானிகாவில் ஷாபூர் ஷாபாஸி எழுதிய ஹஃப்த் சீன் பதிவைப் படித்தோம். வழக்கத்தின் தொன்மைக்குத் தெளிவான பழஞ்சான்று இல்லை என்பதே அதில் எங்களுக்குக் கிடைத்த செய்தி. “ஆயிரமாண்டுகளாக” என்ற சொல்லை அன்று நீக்கினோம். நீக்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

அடுத்து நீக்க வேண்டியிருந்தது நான் மிகவும் விரும்பி எழுதிய ஒரு வரி. சப்ஜேயை நவ்ரூஸுக்குச் சில வாரங்களுக்கு முன் ஒரு தட்டில் கோதுமையோ பருப்போ விதைத்து வளர்க்கிறார்கள். பதின்மூன்றாம் நாளான சீஸ்தே பெதாரில் வெளியே எடுத்துச் சென்று ஓடும் நீரில் விடுகிறார்கள். தென்மாவட்ட அம்மன் கோயில் திருவிழாவில் முளைப்பாரி சுமந்த பெண்களுக்குப் பின்னால் நடந்து வளர்ந்தவனுக்கு இதைப் படிக்கும்போது மனம் துள்ளாமல் இருக்குமா? “தமிழரின் முளைப்பாரியை ஒத்தது” என்று எழுதினேன். கூடவே, கி.பி. 1000ஐ ஒட்டி எழுதிய அறிஞர் அல்-பிரூனி, நவ்ரூஸ் நாளில் ஏழு வகைத் தானியங்களை ஏழு தூண்களில் விதைத்து, அவற்றின் வளர்ச்சியைக் கொண்டு அவ்வாண்டின் விளைச்சலைக் கணிக்கும் வழக்கத்தைக் குறிப்பிட்டிருப்பதையும் சேர்த்தேன். முளைப்பாரியின் செழிப்பைக் கொண்டு மழையையும் விளைச்சலையும் கணிப்பது எங்கள் ஊரிலும் உண்டு. என் வரியைப் படித்த ஆசிரியை ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “ஒத்தது என்று சொன்னது யார்?”

சொன்னது நான் மட்டும்தான். இரண்டு ஊர்களிலும் பயிர் முளைக்கிறது, இரண்டு ஊர்களிலும் அதை நீரில் விடுகிறார்கள் என்பதைக் கடந்து என்னிடம் எதுவும் இல்லை. வாசகருக்கு விளங்க உதவும் உவமை என்று வாதாடினேன். உவமையாக எழுதப்படும் வரி இரண்டாண்டில் உறவாகவும் ஐந்தாண்டில் வரலாறாகவும் மாறும் என்று அவர் பதில் எழுதினார். இலந்தை நடந்து முடிந்த பின் அதை மறுக்க எனக்கு வாய் இல்லை. பிரூனியின் செய்தி நின்றது, முளைப்பாரி போனது.

ஆண்டுகளைக் கணக்கிடுவதில் நேர்ந்த பிழைகளும் குறைவல்ல. ஒரு பாரசீக நூலின் முகப்பில் 1340 என்று இருந்தால், சூரிய ஹிஜ்ரிப்படி அது 1961-62. சந்திர ஹிஜ்ரிப்படி 1921-22. ஈரானில் சூரிய நாட்காட்டி சட்டமானது 1925இல் என்பதை அறியாமல், எல்லாவற்றோடும் 621ஐக் கூட்டி வைத்திருந்த பட்டியல் ஒன்றை மூன்று பேர் சேர்ந்து ஒரு விடுமுறை நாள் முழுக்கத் திருத்தினோம்.

ஆனால் என்னை நெடுநாள் உறங்கவிடாத வாதம், பாரசீகப் பேரரசர் சைரஸின் பெயரால் வழங்கும் சைரஸ் உருளையைப் பற்றியது. 1879இல் பாபிலோனில் கிடைத்து இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தச் சுட்ட களிமண் உருளை ஏறத்தாழ 23 செ.மீ. நீளமே உடையது. எங்கள் கட்டுரையில் அது “உலகின் முதல் மனித உரிமைச் சாசனம்” என்று இருந்தது. அதன்கீழ் நீண்டதொரு மேற்கோளில், அடிமை முறையை ஒழிப்பதாகவும் தன்னை விரும்பாத மக்களை ஆளமாட்டேன் என்றும் சைரஸ் பேசிக்கொண்டிருந்தார். அருங்காட்சியகம் வெளியிட்டுள்ள மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று இரவுகள் வரிவரியாக ஒப்பிட்டேன். உருளையில் இருப்பது, பாபிலோனின் தெய்வமான மர்துக் சைரஸைத் தேர்ந்தெடுத்ததும், கி.மு. 539இல் அவர் போரின்றி நகருக்குள் நுழைந்ததும், மக்களின் சுமையைத் தளர்த்தியதும், தெய்வத் திருமேனிகளை அவற்றின் கோயில்களுக்குத் திருப்பி அனுப்பியதும், மதிலைப் புதுப்பித்ததும். மேற்கோளில் இருந்த வரிகள் களிமண்ணில் இல்லை.

அந்த மேற்கோளைச் சேர்த்தவர் ஓர் இளம் பொறியாளர். வேலை நிமித்தம் சில ஆண்டுகள் ஈரானியர்களோடு ஒரே குடியிருப்பில் வாழ்ந்தவர். நான் நீக்கியதும் அவர் எழுதினார்: “ஐயா, அந்த மக்கள் இந்த வரிகளை எனக்குக் கண்ணீரோடு சொல்லிக் காட்டினார்கள். இதை எடுப்பதில் உங்களுக்கு என்ன கிடைக்கப் போகிறது?” விதியைக் காட்டி நான் உடனே பதில் எழுதியிருக்கலாம். இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன். அவர் கேட்டது விதியைப் பற்றி இல்லை என்று எனக்குப் பட்டது.

பிறகு அவரையே உடன் சேர்த்துக்கொண்டு வேறொரு பகுதியை எழுதினோம். 1971இல் ஈரானிய முடியாட்சியின் 2500 ஆண்டு விழாவுக்கு இந்த உருளை சின்னமானதும், அதே ஆண்டில் அதன் படி ஒன்று ஐக்கிய நாடுகள் அவைக்கு அளிக்கப்பட்டதும், மனித உரிமைச் சாசனம் என்ற விளக்கம் பரவியதும், மூலத்தில் இல்லாத வரிகள் கொண்ட மொழிபெயர்ப்பு உலகெங்கும் சுற்றி வந்ததும் அதில் இடம்பெற்றன. அந்த வரிகளை மக்கள் நெஞ்சில் வைத்திருக்கிறார்கள் என்பதும் வரலாறுதான். இருபதாம் நூற்றாண்டின் வரலாறு. அதை கி.மு. ஆறாம் நூற்றாண்டின் தலையில் கட்டியதுதான் எங்கள் தவறு. அந்தப் பொறியாளர் இன்று எங்கள் குழுவில் மற்ற எவரையும்விடக் கறாராகச் சான்று கேட்பவர்.

‘ஆம்’ என்ற ஒட்டைப் பற்றி அடிக்கடி நினைத்துக்கொள்வேன். வந்தானாம், இருந்ததாம் என்று தமிழில் சொன்னால், நான் பார்க்கவில்லை, பிறர் சொல்லக் கேட்டேன் என்பது அந்த ஓரசையிலேயே அடங்கிவிடுகிறது. தொல்காப்பியமோ “என்மனார் புலவர்” என்று நூல் நெடுக முன்னோரைச் சான்றுக்கு அழைக்கிறது. எந்தப் புலவர் என்று எங்கள் பணியில் கூடுதலாக ஒரு கேள்வி வைத்திருக்கிறோம், அவ்வளவே. ஷீன் கதையும் ‘ஆம்’ என்ற ஒட்டோடு பேச்சில் வாழத் தகுதியானதுதான். கட்டுரையில் அதை, இன்று பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் என்று ஒரே வரியில், சொன்னவர் யார் என்ற குறிப்போடு வைத்திருக்கிறோம்.

சென்ற மார்ச்சில் ஹஃப்த் சீன் பகுதிக்குக் கட்டற்ற உரிமத்தில் ஒரு புகைப்படம் கிடைத்தது. ஒரு வீட்டுக் கூடத்தில் விரித்த விரிப்பு. கண்ணாடி, மெழுகுவத்திகள், சிவப்பு நாடா கட்டிய சப்ஜே தட்டு. படத்தைப் பெரிதாக்கி எண்ணியபோது சீனில் தொடங்கும் பொருள்கள் ஒன்பது இருந்தன: ஏழோடு செக்கே என்னும் நாணயங்களும் சொம்போல் என்னும் பூவும். ஏழு என்று தலைப்பிட்டு ஒன்பதைக் காட்டலாமா என்று இரண்டு நாள் பேசினோம். “ஒரு வீட்டின் நவ்ரூஸ் விரிப்பு” என்று பட விளக்கத்தைத் தொடங்கி, இடமிருந்து வலமாக ஒன்பதையும் பெயரிட்டோம். நான்காவது கிண்ணத்தில் செம்பழுப்பான சிறு பழங்கள். அதன் பெயரை ஆசிரியையே எழுதட்டும் என்று விட்டுவிட்டேன். செஞ்செத் என்று மட்டும் எழுதினார். தமிழ்ப் பெயர் எதுவும் தரவில்லை.