குதிகால், ரத்தம், 21.1 கிலோமீட்டர்

ஜனவரி 11, ஞாயிறு. 21.1 கிலோமீட்டர், 3 மணி 4 நிமிடம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாரும் வேகத்தை எதிர்பார்த்துப் படித்து ஏமாற வேண்டாம். 2021இல் லிஸ்பனில் உகாண்டாவின் ஜேக்கப் கிப்லிமோ இதே அரை மாரத்தானை 57 நிமிடம் 31 நொடியில் ஓடினார். நான் ஒரு தடவை முடிப்பதற்குள் அவர் மூன்று தடவை முடித்துவிட்டு, குளித்து, சாப்பிடவும் உட்கார்ந்திருப்பார்.

போட்டி எதுவும் இல்லை. தருமபுரி நான்கு ரோடு பக்கம் எங்கள் வீட்டிலிருந்து சேலம் ரோட்டில் அதியமான்கோட்டை தாண்டி நல்லம்பள்ளி பக்கம் வரை போய்த் திரும்பினேன். தூரத்துக்கு கைக்கடிகாரம் சாட்சி. பின்னால் டிவிஎஸ் எக்ஸெல்லில் தண்ணீர் கேனோடு வந்த வீட்டுக்காரர் இன்னொரு சாட்சி.

எனக்கு வயது 42. மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. போன ஆகஸ்ட் வரை வலிக்கும் களைப்புக்கும் என்னிடம் ஒரே சொல்தான் இருந்தது: ‘முடியல’. குதிகால் குத்தினாலும் முடியல, மாடிப்படி ஏறி மூச்சு வாங்கினாலும் முடியல. அந்த ஒரு சொல்லை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வைத்தியம் பார்த்த கதைதான் இந்தக் குறிப்பு. ஓட்டம் நடுவில் வந்து சேர்ந்துகொண்டது.

ஆகஸ்ட் 10. விளையாட்டு அரங்கில் ஏழரைச் சுற்று, 3 கிலோமீட்டர், 29 நிமிடம். நாலாவது சுற்றிலேயே காது அடைத்தது. நாடித்துடிப்பு 181. பக்கத்தில் என்னைவிட பத்து வயது மூத்தவர் ஒருவர் கைப்பேசியில் பேசிக்கொண்டே என்னைத் தாண்டிப் போனார். வயது, எடை, சோம்பேறித்தனம் என்று காரணங்களை அடுக்கிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

உண்மையான காரணம் அரிசிப் பாத்திரத்தில் இருந்தது. சில மாதங்களாக அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு பிடி பச்சையாக வாயில் போட்டு மெல்லும் பழக்கம் வந்திருந்தது. இட்லி அரிசி என்றால் இன்னும் ருசி. ஒரு நாள் டிபன் பாக்ஸ் ஓரத்தில் மடித்து வைத்திருந்த அரிசியை ஸ்டாஃப் ரூமில் மென்றுகொண்டிருந்தேன். விலங்கியல் டீச்சர் பார்த்துவிட்டு, “டீச்சர், கண்ணுக்குக் கீழே கொஞ்சம் இழுங்க” என்றார். இழுத்தேன். “வெள்ளையடிச்ச செவுரு மாதிரி இருக்கு. இன்னிக்கே போய் ரத்தம் டெஸ்ட் பண்ணுங்க.”

ஹீமோகுளோபின் 9.1. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் வெறும் 6. பச்சரிசி, மண், சாம்பல், ஐஸ் என்று கண்டதன் மேல் ஆசை வருவது இரும்புச் சத்துக் குறைவின் அடையாளம் என்று டாக்டர் சொன்னபோது கொஞ்சம் வெட்கமாகவும் நிறைய நிம்மதியாகவும் இருந்தது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல், 53 சதவீதத்துக்கு ரத்தசோகை. எங்கள் ஸ்டாஃப் ரூமில் பெண்கள் பதினாறு பேர். கணக்குப் போட்டுக்கொண்டு ஒவ்வொருவர் கண்ணையும் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

நெடுஞ்சாலை ஊர்க்காரியாக இதை இப்படிப் புரிந்துகொண்டேன். போய்ச் சேர வேண்டிய சரக்கு அதே அளவுதான், லாரி குறைவு, அதனால் டிரிப் அதிகம். ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் குறைந்ததால் இதயம் ஓடி ஓடி ஈடு கட்டியிருக்கிறது. 181 துடிப்புக்கு இதுதான் பொருள். இதைச் ‘சோம்பேறித்தனம்’ என்று நானே திட்டியிருக்கிறேன் பாருங்கள்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரும்பு மாத்திரை, ஒரு தடவை பூச்சி மாத்திரை, மாதவிலக்கு அதிகமாகப் போவதற்குத் தனி சிகிச்சை. எல்லாம் டாக்டர் எழுதிக் கொடுத்தது. நானாகக் கடையில் வாங்கவில்லை, நீங்களும் வாங்காதீர்கள். மாத்திரையைவிடக் கஷ்டம் டீயை விட்டதுதான். மாத்திரைக்கு முன்னும் பின்னும் டீ, காபி இருந்தால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராதாம். இடைவேளை மணிக்கு எதிரே வரும் அந்த டீ டம்ளரை இரண்டு மாதம் ஏக்கத்தோடு பார்த்திருக்கிறேன். வைட்டமின் சி இருந்தால் நன்றாகச் சேரும் என்பதால் மாத்திரையோடு நெல்லிக்காய். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமானின் தகடூரில் பிறந்துவிட்டு, 42 வயது வரை நெல்லிக்காயை ஊறுகாய் ஜாடியில் மட்டுமே பார்த்திருக்கிறேன்.

செப்டம்பர் கடைசி வாரம் அரிசி களைந்து குக்கரில் போட்டு மூடிய பிறகுதான் கவனித்தேன்: ஒரு அரிசிகூட வாயில் போடவில்லை. அக்டோபரில் ஹீமோகுளோபின் 11, டிசம்பரில் 12.3. அக்டோபர் நடுவில் 8 கிலோமீட்டர் ஓடினேன், துடிப்பு 155ஐத் தாண்டவில்லை. வேகத்துக்கு என் அளவுகோல் ரொம்ப எளிது. “ஒவ்வொரு விசைக்கும் அதற்குச் சமமான எதிர்விசை உண்டு” என்று ஓடிக்கொண்டே ஒரே மூச்சில் சொல்ல முடிய வேண்டும். ‘எதிர்விசை’ பாதியில் உடைந்தால் வேகம் அதிகம் என்று அர்த்தம்.

அப்புறம் குதிகால்.

காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கிற முதல் அடி ஆணி மேல் வைப்பது போல இருக்கும். பத்துப் பன்னிரண்டு அடி நடந்ததும் குறையும். மாலை வரை சிமெண்ட் தரையில் நின்று பாடம் எடுத்தால் திரும்ப வரும். அத்தை செங்கல்லைச் சுட வைத்து, மேலே எருக்க இலை போட்டு மிதிக்கச் சொன்னார். மிதித்தேன். சுகமாகத்தான் இருந்தது, அரை மணி நேரத்துக்கு. பெரியப்பா, “எல்லாம் நம்ம ஊர் போர் தண்ணிதான்” என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. இந்தப் பக்க நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம்; பல் கறைபட்டவர்களையும் முட்டி மடங்காதவர்களையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அதற்காகத்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஆனால் என் கால் வலிக்குத் தண்ணீர் காரணமில்லை. குதிகாலிலிருந்து விரல்வரை பாதத்துக்கு அடியில் நாண் மாதிரி ஓடும் தசைநார், தாங்க முடியாத சுமையால் நைந்திருக்கிறது என்றார் டாக்டர்.

ஓய்வு எடுக்கச் சொல்வார் என்று நினைத்தேன். நைந்த நாணைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுமை கொடுத்துப் பழக்க வேண்டும் என்றார் பிசியோதெரபிஸ்ட். படி விளிம்பில் நின்று, கால் விரல்களுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, மூன்று எண்ணும்வரை குதிகாலைத் தூக்க வேண்டும், இரண்டு எண்ணும்வரை நிற்க வேண்டும், மூன்று எண்ணும்வரை இறக்க வேண்டும். பன்னிரண்டு தடவை, மூன்று சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். பழகியதும் முதுகில் புத்தகப் பையை மாட்டிக்கொண்டு செய்ய வேண்டும். சாப்பாட்டு இடைவேளையில் லேப் படியில் செய்வேன். மூன்றாம் நாளே பிளஸ் ஒன் பிள்ளைகள் கண்டுபிடித்து, எதிர்ப் படியில் உட்கார்ந்து கோரஸாக எண்ண ஆரம்பித்தார்கள். “மிஸ், ரெண்டுலயே எறக்கிட்டீங்க!” நேர அளவீட்டில் இவ்வளவு துல்லியத்தைச் செய்முறைத் தேர்வில் நான் பார்த்ததில்லை.

வலிக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடச் சொல்லியிருந்தார்கள். ஓடும்போது மூன்று வரை போகலாம். ஆனால் தீர்ப்பு அப்போது கிடையாது, மறுநாள் காலை முதல் அடியில்தான். முந்தைய நாளைவிடக் கூடியிருந்தால் ஓட்டத்தைக் குறைக்க வேண்டும். கட்டிலுக்கு மேலே மாட்டியிருக்கும் தினசரி காலண்டரில், நல்ல நேரத்துக்குப் பக்கத்தில், அந்த எண்ணைப் பென்சிலால் எழுதி வந்தேன். ராகு காலம், எமகண்டம், குதிகால்: 4.

இவ்வளவு விவரமாக எழுதிவைத்தவள் நவம்பர் 2ஆம் தேதி என்ன செய்தேன்? தூரத்தை 10 கிலோமீட்டரிலிருந்து ஒரே தாவாக 14க்குக் கொண்டுபோனேன். ரத்தம் ஏறிய தெம்பு. மூச்சு வாங்கவில்லை என்பதால் காலும் சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். இரண்டையும் பிரிக்கக் கற்றுக்கொண்டதாகப் பெருமைப்பட்ட ஆளே இரண்டையும் மறுபடி சேர்த்துக் குழப்பினேன். மறுநாள் காலை 7. சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் போனேன். பன்னிரண்டு நாள் ஓட்டம் இல்லை. மகனின் சைக்கிளில் இராமாக்காள் ஏரிப் பக்கம் போய் வந்தேன், அவ்வளவுதான்.

திரும்ப ஆரம்பித்தபோது எட்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் காலோவே பரப்பிய முறை இது. ஒலிம்பிக் ஓடியவரே நடக்கச் சொல்கிறார், எனக்கென்ன கௌரவம்? ஆனால் ரோட்டோரம் நடந்தால் டூவீலரை நிறுத்தி “எங்க டீச்சர் போகணும், ஏறுங்க” என்கிற நம் ஊர் அன்பை அவர் கணக்கில் எடுத்திருக்க மாட்டார்.

டிசம்பர் 7, 16 கிலோமீட்டர். “களி தின்னுட்டு ஓடு, உங்க தாத்தா அதைத் தின்னுதான் ஏர் ஓட்டினார்” என்று அம்மா சொன்னதைக் கேட்டு, முந்தைய இரவு மிச்சமிருந்த ராகிக் களியை மோர் விட்டுச் சாப்பிட்டுக் கிளம்பினேன். கேழ்வரகில் கால்சியம் நிறைய இருக்கிறது, எலும்புக்கு நல்லது, எல்லாம் சரி. ஆறாவது கிலோமீட்டரில் களி வயிற்றில் கல் மாதிரி உட்கார்ந்துகொண்டது. நார்ச்சத்து அதிகம், மெதுவாகத்தான் செரிக்கும். தாத்தா ஏர் ஓட்டினார், ஓடவில்லை. அதன் பிறகு கிளம்புவதற்கு முன் இரண்டு ஏலக்கி வாழைப்பழம் மட்டும், களி மதியச் சாப்பாட்டுக்கு.

ஜனவரி 11. காலை 5.10. மார்கழிக் குளிர், கோயில் மைக், தலைக்கு மேல் பாதி நிலா. அதியமான்கோட்டை வரை ஒரு சிக்கலும் இல்லை. முந்தைய நாள் தேய்பிறை அஷ்டமி. காலபைரவர் கோயிலுக்கு வந்த கூட்டத்தின் மிச்சமாக, எண்ணெய்க் கறை படிந்த பூசணி ஓடுகள் ரோட்டோரம் கிடந்தன. நாய்களுக்குத்தான் அது பிடிக்கவில்லை, என்னையும் பிடிக்கவில்லை. எக்ஸெல் ஹாரன் காப்பாற்றியது. நல்லம்பள்ளிப் பக்கம் திரும்பும்போது 1 மணி 27 நிமிடம். நியூட்டன் விதி உடையாமல் வந்தது.

13ஆவது கிலோமீட்டரில் குதிகால் 2. 15இல் 3. எதிர்பார்த்ததுதான். எட்டுக்கு ஒன்றை ஐந்துக்கு ஒன்றாக மாற்றினேன், மூன்றிலேயே நின்றது.

17ஐத் தாண்டிய பிறகு வந்தது வேறு. கடிகாரத்தில் 17.4. இன்னும் எவ்வளவு? 21.1இலிருந்து 17.4 போனால்? வரவில்லை. இருபது வருடமாகக் கணக்கோடு புழங்குகிறவள், கடன் வாங்கிக் கழிக்க முடியாமல் ரோட்டில் நிற்கிறேன். தொடை இரண்டும் ஈர மணல் மூட்டை. குதிகால் எத்தனை என்று கேட்டுக்கொண்டேன்: அதே 3. நெஞ்சு படபடக்கிறதா? இல்லை, 158. காது அடைக்கிறதா? இல்லை. அப்படியானால் இது நைந்த நாணும் இல்லை, ஆகஸ்ட் மாதத்து ரத்தமும் இல்லை. இரண்டரை மணி நேரம் ஓடினால் யாருக்கும் வருகிற, கையிருப்புச் சர்க்கரை தீர்கிற சாதாரணக் களைப்பு. எனக்கு இது முதல் முறை. இதுவரை இந்த இடத்துக்கு வந்து சேரவே மற்ற இரண்டும் விட்டதில்லை.

பொங்கலுக்குச் செங்கரும்புக் கட்டுகளைச் சாத்தி வைத்திருந்த பாட்டி ஒருவரின் பெஞ்சில் உட்கார்ந்தேன். இரண்டு கடலை மிட்டாய், உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீர்.

“யாரம்மா தொரத்தறது?” என்றார் பாட்டி.

“யாருமில்ல பாட்டி, சும்மா ஓடறேன்.”

அவர் என் வீட்டுக்காரரை ஏற இறங்கப் பார்த்தார். “வண்டி இருக்குது, ஆளு இருக்குது. ஏத்திக்கினு போறதுக்கு என்னப்பா உனக்கு?”

“நான் கூப்பிட்டேன் பாட்டி, வரமாட்டேங்கறா” என்று அவர் சொன்னது பொய். சத்தியமாகக் கூப்பிடவில்லை. 3.7 கிலோமீட்டர் என்று கழித்துச் சொன்னதும் அவர்தான்.

அந்த 3.7க்கு 35 நிமிடம். இரண்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. வீட்டு வாசல் வந்தபோது கடிகாரம் 21.02 காட்டியது. கோலத்தை மிதிக்காமல் தெரு முனை வரை போய்த் திரும்பினேன்.

திங்கள் காலை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, விரல்களைப் பிடித்துப் பின்னால் இழுத்து, கொஞ்ச நேரம் கழித்து அடி வைத்தேன். குதிகால்: 5. செவ்வாய் 4. புதன், போகி, 3. வியாழன் பொங்கல் பானை பொங்கும்வரை வாசலில் ஒரு மணி நேரம் வெறுங்காலில் நின்றேன். வெள்ளிக்கிழமைத் தாளில் எழுதியிருப்பது 2.