பூ மார்க்கெட்டிலிருந்து சுவர் வரைக்கும்: கோவையில் ஒரு படக் கண்காட்சி போட்ட அனுபவம்

ஆகஸ்ட் 19 உலகப் புகைப்பட நாள். 1839-ல் அந்தத் தேதியில்தான் டாகுவேர் கண்டுபிடித்த படமெடுக்கும் முறையைப் பிரெஞ்சு அரசு பொதுவில் வைத்தது. அந்த நாளை ஒட்டிக் கோவையில் எங்கள் குழு கண்காட்சி போட்டது. மேட்டுப்பாளையம் ரோடு பூ மார்க்கெட்டில் எடுத்த படங்கள், 40 பிரேம், மூன்று நாள். ஈரோடு, திருப்பூர், பொள்ளாச்சிப் பக்கம் இதேபோல் போட நினைக்கும் குழுக்கள் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக இது. படம் எடுப்பதைப் பற்றிக் கொஞ்சம்தான் வரும். கண்காட்சி கெடுகிற இடம் இரண்டு: பைல் கை மாறும்போது, பிரேம் சுவருக்குப் போகும்போது.

தேதியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். மண்டபம் எட்டு வாரம் முன்பே பேசியாக வேண்டும். படம் அனுப்பச் சொல்வது ஐந்து வாரம் முன்பு, தேர்வு மூன்று வாரம் முன்பு, சோதனைப் பிரிண்ட் இரண்டு வாரம் முன்பு. முழுப் பிரிண்டும் பத்து நாள் முன்பே கையில் இருந்தால்தான் பிரேம் கடைக்காரர் அவசரப்படாமல் செய்வார். ஆவணி முகூர்த்தங்கள் தொடங்கிவிட்டால் லேபுக்கும் பிரேம் கடைக்கும் கல்யாண ஆல்பம் வேலை குவியும். நம் 40 படம் வரிசையில் பின்னால் போய்விடும்.

ரேஸ்கோர்ஸ் நடைபாதை மாதிரித் திறந்த வெளியில் போடலாமே என்று எல்லாக் குழுவிலும் ஒருவர் சொல்வார். ஜனவரியில் போடுங்கள், நன்றாக இருக்கும். ஆகஸ்டில் வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று ஆடி முடிந்ததும் சட்டென்று அடங்குவதில்லை. ஸ்டாண்டோடு சாயும், நடுநடுவே தூறலும் போடும்.

மார்க்கெட்டில் நடந்து படம் எடுக்க இரண்டு விஷயம் முன்கூட்டியே தெரிந்திருந்தால் பாதிப் படம் தப்பிக்கும். முதலாவது விளக்கு. விடிவதற்கு முந்தைய யாவாரம் முழுக்க எல்இடி வெளிச்சத்தில்தான். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் தரம் குறைந்த பல்புகள் நொடிக்கு 100 முறை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது, படத்தில் குறுக்குப் பட்டையாக விழும். சத்தமில்லாமல் எடுக்கலாமே என்று எலக்ட்ரானிக் ஷட்டரில் வைத்தவர்களுக்குத்தான் இது அதிகம். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றி 1/50 அல்லது 1/100 நொடியில் வையுங்கள். இரண்டாவது செண்டுமல்லி. குவியலாகக் கிடக்கும் ஆரஞ்சுப் பூவில் சிவப்பு நிறத்தின் பதிவு (சேனல்) மட்டும் தனியாக உச்சியில் முட்டிவிடும். மொத்த ஹிஸ்டோகிராம், அதாவது கேமரா காட்டும் வெளிச்ச அளவு வரைபடம், பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரியும். பிரிண்டில் இதழே இருக்காது, ஆரஞ்சுப் பெயின்ட் கொட்டினது மாதிரி ஒரு திட்டுதான். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்குமான ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமைப் பிரித்துப் பாருங்கள்; முட்டினால் வெளிச்சத்தை 2/3 ஸ்டாப் குறைத்து எடுங்கள்.

முகம் தெரிய எடுக்கும்போது கேட்டுவிட்டு எடுப்பதே முறை. "ஏனுங்க அக்கா, ஒரு படம் எடுத்துக்கலாமுங்களா?" என்றால் பெரும்பாலும், "எடுத்துக்க சாமி, யாவாரத்த மறைக்காம நில்லு" என்ற பதில்தான் வரும். அந்தப் பதிலின் பின்பாதி நமக்கான வேலை. கூடை இறக்குகிற வழியிலும் தராசு முன்னாலும் நிற்கக் கூடாது. எந்த வரிசை, எத்தனையாவது கடை என்பதை அப்போதே போனில் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியில் இது தேவைப்படும். ட்ரோன் வேண்டும் என்பவர்கள் முதலில் எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடம் பார்க்க வேண்டும். பீளமேட்டில் விமான நிலையம், சூலூரில் விமானப்படைத் தளம். இரண்டும் பக்கத்தில் இருக்கிற ஊர் இது.

இனி பைல். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தின் நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடும். அதை 12x18 அங்குலத்தில் அடித்தால் அங்குலத்துக்கு 89 பிக்சல்கூட வராது. அருகில் போய்ப் பார்த்தால் மல்லிகை மொட்டு அரிசிப் பொரி மாதிரி ஊதித் தெரியும். டாக்குமெண்டாகவோ டிரைவ் லிங்க்காகவோ மட்டும்தான் வாங்க வேண்டும். நீளப் பக்கம் குறைந்தது 3600 பிக்சல் என்று வரம்பு வைத்தோம். 18 அங்குலத்துக்கு அது அங்குலத்துக்கு 200 பிக்சல். மூன்றடி தள்ளி நின்று பார்க்கிற படத்துக்குத் தாராளம். 300 வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் 12 மெகாபிக்சல் போன் வைத்திருப்பவர் எல்லாரையும் வெளியே நிறுத்த வேண்டிவரும். அது நியாயமாகப் படவில்லை.

போன் படத்தில் இன்னொரு சிக்கல் அதன் நீள அகல விகிதம். கேமரா பெரும்பாலும் 3:2, போன் பெரும்பாலும் 4:3. போன் படத்தை 12x18-ல் அடித்தால் உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு வெட்டுப்படும். எடுத்தவரிடம் கேட்காமல் லேப் நடுவாக வெட்டும், தலையில் இருக்கும் பூக்கூடைதான் முதலில் போகும். போன் படங்களை 12x16-ல் அடித்து, வெளி பிரேமை மட்டும் எல்லாவற்றுக்கும் 16x22 என்று ஒரே அளவாக வைத்துவிட்டால் சுவரில் வித்தியாசம் தெரியாது. மீதி இடத்தை, படத்தைச் சுற்றி பிரேமுக்குள் வரும் மவுண்ட் போர்டு அட்டை பார்த்துக்கொள்ளும்.

தேர்வுக்குப் பெயரை எடுத்துவிட்டு எண் மட்டும் போட்டு அனுப்பினோம். தேர்வானவர்களிடம் ரா பைல் (கேமரா திருத்தாமல் பதிந்த பைல்) அல்லது போனின் மூலப் பைல் கேட்பது கட்டாயம். செயற்கை நுண்ணறிவில் செய்த படத்தைப் பிடிக்க இதைவிட எளிய வழி இல்லை. ஒப்புதல் படிவம் நாலு வரி போதும், ஆனால் ஒரு வரி தெளிவாக இருக்க வேண்டும்: காப்புரிமை எடுத்தவருக்கே, குழுவுக்குக் கண்காட்சிக்கும் அதன் விளம்பரத்துக்கும் மட்டும் அனுமதி. 1957-ம் வருடத்துக் காப்புரிமைச் சட்டப்படி படத்தின் ஆசிரியர் எடுத்தவர்தான். அவருடைய உரிமையை ஒரு போட்டிப் படிவத்தில் எழுதி வாங்கிக்கொள்ளும் வழக்கம் நம் ஊரிலும் இருக்கிறது. அது தவறு.

லேபுக்கு எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிற முறையில் ஜேபெக் மட்டும் கொடுங்கள். அடோபி ஆர்ஜிபி என்ற இன்னொரு நிற முறையில் கொடுத்தால் பல லேப்களில் அதை எஸ்ஆர்ஜிபி என்றே எடுத்துக்கொண்டு அடிப்பார்கள். நிறம் வெளுத்து, தோல் சாம்பல் பூத்து வரும். படம் இருட்டாக வந்தது என்ற புகாருக்குப் பெரும்பாலும் லேப் காரணம் இல்லை. நம் லேப்டாப் திரை முழு வெளிச்சத்தில் இருந்ததே காரணம். நாலு படத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒன்று இருட்டு, ஒன்று வெள்ளை மல்லி, ஒன்று முகம், ஒன்று செண்டுமல்லி. அவற்றை மட்டும் 4x6-ல் அடித்து மண்டபத்துக்கே கொண்டுபோய் அந்தச் சுவரில், அந்த விளக்கில் வைத்துப் பாருங்கள். எங்கள் மண்டபத்தில் வெள்ளை டியூப்லைட். வீட்டில் சரியாக இருந்த முகங்கள் அங்கே நீலம் பாய்ந்து தெரிந்தன. கொஞ்சம் வெதுவெதுப்பாக மாற்றி மறுபடி அடித்தோம். பேப்பர் மேட் வாங்குங்கள். கிளாஸி பேப்பரில் மேலே இருக்கும் டியூப்லைட் முழுசாகப் படுத்திருக்கும்.

செலவு குறைக்க, பிரேமுக்குப் பதில் சன்போர்டு என்கிற நுரைப் பலகையில் ஒட்டுவது உண்டு. 3 மில்லிமீட்டர் போர்டு இரண்டே நாளில் வில்லாக வளையும். முன்பக்கம் மட்டும் லேமினேஷன் போடுவதால் ஒரு பக்கம் இழுக்கிறது. 5 மில்லிமீட்டர் எடுத்து, பின்பக்கமும் ஒரு பிலிம் ஒட்டச் சொல்லுங்கள்.

தமிழ்க் குறிப்பு அட்டைகளில் ஒரு நாள் போனது. கடையில் போட்டோஷாப்பில் ஒட்டியதும் 'கொத்து' என்பது 'ெகாத்து' என்று ஆகிவிட்டது. எழுத்துரு தப்பு என்று நினைத்து நாலு எழுத்துரு மாற்றிப் பார்ப்பார்கள். தப்பு அங்கே இல்லை. அந்த மென்பொருளின் டைப் அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான வசதியைப் போட்டுவிட்டுத் திரும்பத் திறக்க வேண்டும். அதைவிட, வேர்டில் தட்டச்சு செய்து பிடிஎப் ஆக்கிக் கொண்டுபோனால் எந்தக் கடையிலும் எழுத்து உடையாது.

மாட்டுகிற வேலைக்கு ஒரு முழுநாள், நாலு பேர். மண்டபச் சுவர் பழைய சுண்ணாம்புச் சுவர். டபுள் சைடு டேப் ஒட்டினால் பொடியோடு உரிந்து வரும், ஆணி அடித்தால் சில்லு பெயரும். கண்ணாடி போட்ட 16x22 பிரேமில் கண்ணாடி மட்டுமே ஒரு கிலோவுக்கு மேல். அதனால் எட்டடி உயரத்தில் மர ரீப்பர் (மெல்லிய நீளச் சட்டம்) ஓடவிட்டு, துளையிட்டு ஸ்க்ரூவில் இறுக்கி, அதிலிருந்து தொங்கவிட்டோம். சுவரில் துளை 40 இடத்துக்குப் பதிலாகச் சில இடத்தில் மட்டும் விழுந்தது. மண்டபத்தாரிடம் இதைக் காட்டி முதலிலேயே அனுமதி வாங்கிவிடுங்கள். தொங்கவிட நைலான் நரம்பு வாங்கினால் மாட்டிய மறுநாள் காலையிலேயே திறப்பு வைக்காதீர்கள். பாரத்தில் நரம்பு நீளும். சாயங்காலம் ரசமட்டம் வைத்து நேராக்கிய வரிசை காலையில் விரல் அகலம் இறங்கி மேடும் பள்ளமுமாக நிற்கும். மெல்லிய ஸ்டீல் கம்பி நீளாது. எதுவானாலும் பிரேமுக்கு இரண்டு கம்பி, இரண்டு மூலையிலும். ஒற்றைக் கம்பியில் ஃபேன் காற்றுக்கே பிரேம் திரும்பிக்கொள்ளும்.

உயரம்: படத்தின் நடு தரையிலிருந்து 57 அங்குலத்தில் இருக்க வேண்டும். படுக்கை பிரேமின் உயரம் 16 என்றால் மேல்விளிம்பு 65-ல் வரும், நிற்கிற பிரேமுக்கு 68-ல். மேல்விளிம்பை ஒரே கோட்டில் வைப்பது பலருக்குப் பழக்கம். அப்படி வைத்தால் நின்ற படமும் படுத்த படமும் கலந்த வரிசை ஏறி இறங்கித் தெரியும். 40 அடிச் சுவரில் 22 அங்குல பிரேம், நடுவிலும் இரண்டு ஓரத்திலும் குறைந்தது 10 அங்குல இடைவெளி என்றால் 14 படம். பதினைந்தாவதைத் திணிக்கச் சொல்லி யாராவது வருவார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள், பார்க்கிறவர் கண்ணுக்கு மூச்சு விட இடம் வேண்டும்.

கண்காட்சி முடிந்ததும் படத்தில் முகம் தெரிகிற ஒவ்வொருவருக்கும் ஒரு 6x8 பிரிண்ட் அடித்துவிடுங்கள். பின்பக்கம் பென்சிலில் வரிசையும் கடையும் எழுதிக்கொள்ளுங்கள். பேனா மை அடுத்த பிரிண்டில் ஒட்டும். காலையில் கொண்டுபோனால் யாருக்கும் நேரம் இருக்காது. மதியம், யாவாரம் ஓய்ந்து கட்டின சரத்துக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கும் நேரம் சரி. கை ஈரமாக இருக்கும் என்பதால் ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டே கொடுங்கள்.