மெத்தை ப்ரொடெக்டர் துவைப்பதற்கு முன்னால் காயப்போட இடம் பாருங்கள்

வீட்டில் எழுந்து நடக்க முடியாத பெரியவர் இருந்தால், இல்லை ராத்திரியில் இன்னும் படுக்கையை நனைக்கிற குழந்தை இருந்தால், மெத்தை ப்ரொடெக்டர், அதாவது மெத்தை நனையாமல் இருக்க அதன்மேல் மாட்டும் உறை, அதைத் துவைப்பது அன்றாட வேலைகளில் ஒன்றாகிவிடும். மற்ற வீடுகளில் மாதத்துக்கு ஒரு முறை, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை துவைத்தால் போதும். என் மாமியார் பக்கவாதம் வந்து படுத்ததிலிருந்து எங்கள் வீட்டில் இது ஓயாமல் நடக்கிறது, என்னதான் டயப்பர் போட்டாலும் ஒருக்களித்துப் படுக்கும்போது ஓரத்தில் கசியத்தான் செய்யும். அதனால் யாராவது என்னிடம் கேட்டால் எந்த சோப்பு என்பதை நான் முதலில் சொல்வதில்லை. துவைத்ததை எங்கே காயப்போடப் போகிறீர்கள், அது காயும்வரை மெத்தைமேல் எதைப் போடப் போகிறீர்கள், இந்த இரண்டையும் முடிவு பண்ணிவிட்டு அப்புறம் தண்ணீரில் போடுங்கள் என்பேன்.

ஏன் என்றால் ப்ரொடெக்டர் சாதாரண பெட்ஷீட் மாதிரி ஒற்றைத் துணி இல்லை. மேலே டர்க்கி டவல் போலவோ பனியன் துணி போலவோ ஒரு அடுக்கு, அதன் அடியில் பாலியூரிதேன் படலம் ஒட்டியிருக்கும். அந்தப் படலம் தண்ணீரை விடாது, ஆனால் உடம்பிலிருந்து வரும் ஆவியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். அதுதான் அதன் அருமை. மேல்துணி காய்ந்துவிட்ட மாதிரி கைக்குத் தெரியும், படலம் ஒட்டியிருக்கிற அடிப்பக்கத்திலும் எலாஸ்டிக் மடிப்பிலும் ஈரம் அப்படியே இருக்கும். அதை அப்படியே மெத்தையில் மாட்டினால் அந்த ஈரம் போக வழியில்லை. மெத்தையில் புளிச்ச வாடை, கொஞ்ச நாளில் கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சை, மேலே படுத்திருப்பவருக்கு முதுகில் நசநசப்பு. படுக்கையிலேயே இருப்பவருக்குத் தோல் ஈரத்தில் ஊறி இளகிப்போனால் படுக்கைப்புண் வருவதற்கு அதிக நேரம் ஆகாது. எனக்கு இதுதான் பெரிய கவலை, வாடை எல்லாம் இரண்டாவது.

அதனால் ஒரே ஒரு ப்ரொடெக்டரை வாங்கி வைத்துக்கொண்டு சமாளிக்க நினைக்காதீர்கள். குறைந்தது இரண்டு வேண்டும், ஐப்பசி கார்த்திகையில் சென்னையில் இருப்பவர்களுக்கு மூன்று இருந்தால் நிம்மதி. விலை அதிகமானதாக ஒன்று வாங்குவதைவிட நடுத்தரமாக மூன்று வாங்குவது நல்லது என்பது என் அபிப்பிராயம். வாங்கும்போது பிவிசி படலம் போட்டதைத் தவிர்த்துவிடுங்கள், புரண்டு படுத்தாலே சரசரவென்று சத்தம் வரும், வெயில் காலத்தில் வியர்த்துக் கொட்டும். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ரப்பர் ஷீட்டுக்கும் இதே குறைதான், காற்றே போகாது. ஆனால் ரப்பர் ஷீட்டைத் துடைத்துவிட்டு உடனே போடலாம், அந்த ஒரு வசதிக்காக நானும் ஒன்று வைத்திருக்கிறேன். இடுப்புக்குக் கீழே மட்டும், அதன்மேல் பருத்தித் துணி விரித்து, அவசரத்துக்கு.

சரி, துவைக்கும் விஷயத்துக்கு வருகிறேன்.

நனைந்த உடனே எடுத்துவிடுங்கள். ராத்திரி இரண்டு மணியாக இருந்தாலும் சுருட்டி பாத்ரூம் மூலையில் போட்டுவிட்டுக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், குழாயைத் திறந்து பச்சைத் தண்ணீரில் ஒரு தடவை அலசி விட்டாலே பாதி வேலை முடிந்தது. சிறுநீரில் இருக்கும் யூரியாவைக் கிருமிகள் அம்மோனியாவாக மாற்றும்போதுதான் அந்த மூக்கைத் துளைக்கும் நெடி கிளம்புகிறது, அதற்கு அவகாசம் கொடுக்காமல் இருந்தால் போதும். காலையில் ஒரு வாளித் தண்ணீரில் வழக்கமாகப் போடுவதைவிடக் குறைவாக டிடர்ஜென்ட் கலந்து அரை மணி நேரம் ஊறவைக்கலாம். என்சைம் உள்ள டிடர்ஜென்ட்டாகப் பார்த்து வாங்குங்கள், புரதக் கறையை உடைப்பது அந்த என்சைம்தான். தூளைவிடத் திரவம் நல்லது, ஏனென்றால் எங்கள் போர் தண்ணீர் மாதிரி உப்புத் தண்ணீரில் தூள் சரியாகக் கரையாமல் டர்க்கி நூலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், காய்ந்ததும் துணி விறைத்துப்போய் வயதானவர்கள் முதுகில் உரசும். எவ்வளவு அலசினாலும் நுரை வருகிறது என்றால் சோப்பு அதிகம் என்று அர்த்தம். கடைசி அலசலுக்கு மட்டுமாவது நல்ல தண்ணீர் கிடைத்தால் துணியின் மென்மையில் வித்தியாசம் கையிலேயே தெரியும்.

வாடை போகவே இல்லையென்றால் ஒரு வாளித் தண்ணீரில் அரை கப் வெள்ளை வினிகர் விட்டு இருபது நிமிடம் வைத்து, பிறகு வழக்கம்போல டிடர்ஜென்ட்டில் துவையுங்கள். அம்மோனியா காரம், வினிகர் அமிலம், ஒன்றை ஒன்று அடக்கிவிடும். வினிகரையும் சமையல் சோடாவையும் சேர்த்துக் கொட்டி அது பொங்குவதை வீடியோக்களில் காட்டுகிறார்கள், பொங்கி முடிந்தபின் இரண்டின் சக்தியும் போய்விடும், மிஞ்சுவது பெரும்பாலும் உப்பு கலந்த தண்ணீர்தான். தனித்தனியாகப் பயன்படுத்தினால் இரண்டுமே உதவும்.

ப்ளீச்சிங் திரவம் மட்டும் வேண்டவே வேண்டாம், இதை நான் அழுத்திச் சொல்கிறேன். படலம் கெட்டுப்போவது ஒரு பக்கம். சிறுநீர் ஊறின துணியில் ப்ளீச் பட்டால் குளோரமின் என்ற வாயு வரும், வினிகரோடு சேர்ந்தால் குளோரின் வாயுவே வரும். ஜன்னல் இல்லாத சின்ன பாத்ரூமில் குனிந்து துவைக்கிறவர் அதை நேராக மூச்சில் இழுப்பார். ஆஸ்துமா இருப்பவர்கள் வீட்டில் நினைத்துப் பாருங்கள்.

கறைகளில் எங்கள் வீட்டுக்கு வழக்கமானவை மூன்று. ரத்தம் அல்லது புண்ணிலிருந்து வரும் நீர்: வெந்நீர் படவே கூடாது, சூட்டில் புரதம் இறுகிக் கறை நிரந்தரமாகிவிடும், குளிர்ந்த தண்ணீரில் கொஞ்சம் கல் உப்பு போட்டு ஊறவைத்தால் பெரும்பாலும் விட்டுவிடும். தைலம்: கை கால் நீவி விடும் தைலமும் தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெயும் துணியில் மஞ்சளாக ஏறும், தண்ணீர் படுவதற்கு முன்பே பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு விரலால் தேய்த்துப் பத்து நிமிடம் விடவேண்டும், நனைந்த பிறகு விட்டால் அவ்வளவு பலன் இல்லை. மூன்றாவது ரசமோ குழம்போ, அதாவது மஞ்சள். சோப்பு பட்டதும் அது ரத்தச் சிவப்பாக மாறும், பார்த்துப் பயந்துவிடாதீர்கள், மஞ்சளில் இருக்கும் குர்குமின் காரத்தில் அப்படித்தான் நிறம் மாறும். நன்றாக அலசி வெயிலில் கறைப் பக்கத்தைக் காட்டினால் அதுவே வெளுத்துவிடும், மஞ்சளுக்கு வெயிலைப்போல மருந்து கிடையாது.

மெஷினில் போடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். துவைக்கவும் அலசவும் போடலாம், ஸ்பின் கூடாது. டாப் லோட் மெஷின்களின் கையேட்டிலேயே தண்ணீர் புகாத துணிகளைப் பற்றித் தனி எச்சரிக்கை இருக்கும், எடுத்துப் படித்துப் பாருங்கள், சில மெஷின்களில் இந்த வகைத் துணியையே போட வேண்டாம் என்றிருக்கும், அப்படியிருந்தால் கையால் துவைப்பதுதான் வழி. காரணம் எளிது. ஸ்பின் சுற்றும்போது மற்றத் துணிகளில் இருக்கும் நீர் டிரம்மின் ஓட்டைகள் வழியாக வெளியேறும். படலம் இருக்கும் துணியோ குளம்போலத் தண்ணீரைத் தேக்கி வைத்துக்கொண்டு, வேகம் உச்சத்தில் இருக்கும்போது சட்டென்று ஒரு பக்கமாகக் கொட்டும், எடை சாய்ந்து மெஷினே தூக்கிப்போடும். பெரிய சேதம் ஆகலாம். நான் அலசல் முடிந்ததும் நிறுத்திவிட்டு, சொட்டச் சொட்ட எடுத்து பாத்ரூமில் கவிழ்த்துவைத்த பிளாஸ்டிக் நாற்காலிமேல் போட்டுத் தண்ணீர் வடியவிடுவேன். முறுக்கிப் பிழியவும் கூடாது, படலத்தில் விரிசல் விடும். வடிந்த பிறகு ஒரு பெரிய காய்ந்த டவலை அதன்மேல் விரித்து, பாய் சுருட்டுகிற மாதிரி இரண்டையும் சேர்த்துச் சுருட்டி அழுத்தினால் டவல் ஈரத்தை நிறையவே இழுத்துக்கொள்ளும்.

கண்டிஷனர் வாசனைக்காகப் போடுவார்கள். அது நூலின்மேல் வழவழப்பான பூச்சாகப் படிந்து, டர்க்கித் துணி ஈரத்தை உறிஞ்சுவதையே குறைத்துவிடும். உறிஞ்சத்தானே அந்தத் துணி அங்கே இருக்கிறது?

லேபிளைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். தொட்டிப் படத்துக்குள் ஒரு புள்ளி என்றால் 30 டிகிரி, இரண்டு என்றால் 40, மூன்று 50, நான்கு 60. முக்கோணத்தில் பெருக்கல் குறி போட்டிருந்தால் ப்ளீச் கூடாது, இஸ்திரிப்பெட்டியில் போட்டிருந்தால் இஸ்திரி கூடாது. தூசிப் பூச்சி அலர்ஜி இருப்பவர்களுக்கு இந்த டிகிரிக் கணக்கு முக்கியம், கண்ணுக்குத் தெரியாத அந்தப் பூச்சிகள் நம் உடம்பிலிருந்து உதிரும் தோலைத் தின்று வாழ்பவை, 60 டிகிரி வெந்நீரில் செத்துவிடும். ஹீட்டர் உள்ள மெஷினும் 60 டிகிரி தாங்கும் ப்ரொடெக்டரும் சேர்ந்து இருந்தால்தான் அது நடக்கும், அதனால் இளைப்பு இருப்பவர் வீட்டில் வாங்கும்போதே லேபிளைப் பார்த்துவிடுங்கள்.

இனி காயப்போடுவது. மொட்டை மாடி இருப்பவர்கள் புண்ணியவான்கள். ஆனால் படலப் பக்கத்தை நேர் வெயிலில் வைக்கக்கூடாது, புற ஊதாக் கதிரில் அது மஞ்சளாகி நொறுங்க ஆரம்பிக்கும். துணிப்பக்கம் மேலே இருக்கும்படி, ஒரே கொடியில் மடித்துப் போடாமல் இரண்டு கொடிகளின் குறுக்கே விரித்துப் போட்டால் அடியிலும் காற்று ஓடும், எலாஸ்டிக்கும் இழுபடாது. அக்னி நட்சத்திர வெயிலில் துணிப்பக்கம் இரண்டு மணி நேரத்திலேயே காய்ந்துவிடும், அதற்குமேல் அங்கே விடவேண்டாம். பிறகு திருப்பி நிழலில் போட்டு அடிப்பக்கத்தைக் காயவிடுங்கள். மழைக் காலத்தில் ஃபேனுக்கு அடியில் இரண்டு நாற்காலிகளின் முதுகில் விரித்துப் போடுவதுதான் வழி, ஒரு பகலும் ஒரு ராத்திரியும் பிடிக்கும். ஹேர் ட்ரையர் வேண்டாம், இஸ்திரி வேண்டவே வேண்டாம், படலம் உருகிச் சுருங்கிவிடும். காய்ந்துவிட்டதா என்று பார்க்கக் கையைவிடக் கன்னம் நல்லது, எலாஸ்டிக் ஓரத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், குளிர்ச்சி தெரிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

மாட்டும்போது ஒரு சுருக்கம்கூட இல்லாமல் இழுத்து மாட்டுங்கள். அத்தையால் இடது பக்கம் தானாகப் புரள முடியாது, ஒரு மடிப்பின்மேல் மணிக்கணக்கில் படுத்திருந்தால் அந்த இடம் சிவந்துவிடும், அவர்களால் சொல்லவும் முடியாது. மெத்தையின் அளவும் உயரமும் பார்த்து வாங்குவது இதற்குத்தான், 72க்கு 36 அங்குல மெத்தைக்குப் பெரிய சைஸ் வாங்கி அடியில் செருகினால் சுருக்கம் விழாமல் இருக்காது. படுக்கைப்புண் வராமல் இருக்கக் காற்று மெத்தை போட்டிருப்பவர்கள் அதன்மேல் ப்ரொடெக்டர், ரப்பர் ஷீட், போர்வை, டவல் என்று அடுக்கிக்கொண்டே போகாதீர்கள். அடுக்கு கூடக்கூட அந்த மெத்தை செய்யவேண்டிய வேலை உடம்புக்குப் போய்ச் சேராது, அதற்கு ஒரே ஒரு மெல்லிய விரிப்பு போதும்.

இலவம் பஞ்சு மெத்தை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தப் பஞ்சில் இயற்கையாகவே மெழுகுப் பூச்சு உண்டு, ஆனாலும் மெத்தை நனைந்தால் பஞ்சு கட்டிதட்டிப்போகும், துவைக்கவும் முடியாது, வெயிலில் போட்டுத் தட்டி எடுப்பது மட்டும்தான். அதனால் ப்ரொடெக்டர் ரொம்ப அவசியமானது அந்த மெத்தைக்குத்தான்.

எப்போது மாற்றுவது? படலப் பக்கத்தை ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள், ஊசி முனை அளவு வெளிச்சம் தெரிந்தால் ஓட்டை. சந்தேகமாக இருந்தால் அடியில் செய்தித்தாள் விரித்து, மேலே அரை டம்ளர் தண்ணீர் ஊற்றிக் கையால் அழுத்திவிட்டுப் பத்து நிமிடம் கழித்துத் தாளைப் பார்க்கலாம். படலம் கொப்பளம்போல எழும்பியிருந்தாலோ தோல் உரிகிற மாதிரி உதிர்ந்தாலோ அதற்கு வைத்தியம் கிடையாது, வெட்டி வண்டி சீட்டுக்கோ செருப்பு வைக்கும் இடத்துக்கோ போட்டுவிட்டுப் புதிது வாங்கிவிடுங்கள். கைவசம் இருக்கும் மாற்று ப்ரொடெக்டரை நான்காக மடித்து பீரோவில் அமுக்கி வைத்தால் மடிப்பிலேயே படலம் வெடிக்கும், அதனால் தளர்வாகச் சுருட்டிப் பழைய பருத்திப் புடவையில் சுற்றி வையுங்கள், பிளாஸ்டிக் கவரில் வேண்டாம்.