நேட்டாலுக்குப் போன சின்னவர்

ஜனவரி 11

தென்னாப்பிரிக்காவில், நேட்டால் பகுதியிலுள்ள டர்பனிலிருந்து வந்த படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். 1898-இல் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களின் பட்டியலில் ஒரு வரி. எண், பெயர், தகப்பன் பெயர், வயது 22, சாதி, வட ஆற்காடு ஜில்லா, தாலுகா, ஊர். அங்க அடையாளம்: இடது புருவத்தில் தழும்பு. அனுப்பிய பெண்மணிக்கு அவர் அப்பா வழிக் கொள்ளுத்தாத்தா. ஊர் எங்கள் ஊர்தான். தகப்பன் பெயரும் பொருந்துகிறது. கரும்புத் தோட்டத்துக்குப் போன சின்னவர் என்று ஆயா சொல்வாளே, அவரா?

ஜனவரி 14

பெயரை நம்பித் தேடினால் சிக்கல்தான். எழுத்தருக்கு எழுத்தர் ஒவ்வொரு விதமாக எழுதியிருக்கிறார்கள். எண் மட்டும் மாறவில்லை. 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பலில் இறங்கியவர்கள் தொடங்கி 1911 வரை நேட்டால் போன 1,52,184 பேருக்கும் இப்படி ஓர் எண் உண்டு. ஆளை எண்ணாக்கியதை நினைத்தால் வயிறு எரிகிறது. ஆனால் அது இல்லாமல் அவரை நாங்கள் கண்டுபிடித்திருக்கவே முடியாது.

ஜனவரி 23

ஏன் திரும்பி வரவில்லை என்பதுதான் மனதை அரிக்கிறது. ஐந்து வருட ஒப்பந்தம். முதல் வருடம் மாதம் 10 ஷில்லிங், பிறகு வருடத்துக்கு ஒரு ஷில்லிங் உயர்வு. 1895 சட்டப்படி, ஒப்பந்தம் முடிந்தவர் ஊர் திரும்ப வேண்டும், அல்லது மறுபடி ஒப்பந்தக் கூலியாக வேண்டும், இல்லையென்றால் வருடம் 3 பவுண்டு தலைவரி கட்ட வேண்டும். 3 பவுண்டு என்றால் 60 ஷில்லிங், நான்கு மாதக் கூலிக்கும் மேல்! 1914-இல்தான் அந்த வரி ஒழிந்தது. அதற்குள் அவருக்கு அங்கே பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள்.

பிப்ரவரி 2

தாலுகா அலுவலகம். ஒன்றும் கிடைக்கவில்லை.

பிப்ரவரி 9

சித்தப்பா வீட்டு டிரங்குப் பெட்டியில் 1921-ஆம் வருடத்துப் பாகப்பிரிவினைப் பத்திரம்! கொள்ளுத்தாத்தாவும் அவருடைய நடுத்தம்பியும் எழுதிக்கொண்டது. தகப்பன் பெயர் பட்டியலில் உள்ளதேதான். மூன்றாம் பக்கத்தில், "நம்மில் கடைசித் தம்பி நேட்டால் தேசம் போயிருப்பதால், திரும்பி வரும் காலத்தில் கிணற்றில் மூன்றிலொரு பங்கும் கிழக்குப் புஞ்சையும் அவரைச் சேர வேண்டியது." போய் இருபத்துமூன்று வருடம் ஆகியும் பங்கை எடுத்து வைத்திருக்கிறார்கள். சித்தப்பா அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார்.

பிப்ரவரி 10

பத்திரத்தின் படத்தை டர்பன் பெண்மணிக்கு அனுப்பிவிட்டேன். பங்காளி முறையில் அவர் எனக்கு அக்கா. அப்படியே அழைத்து எழுதினேன். மூன்றாம் பக்கத்தில் ஓரம் செல்லரித்திருக்கிறது. சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகலுக்கு நாளை மனுப் போட வேண்டும்.