செத்துப்போன கோளின் பாயை யார் விரிப்பது?

2021ல் பெங்களூரில் ஒரு சிறிய செயற்கைக்கோள் நிறுவனத்தில் சேர்ந்தேன். விண்வெளிக் கொள்கை என்று ஒரு வேலை இருப்பதே அப்போது எனக்குத் தெரியாது. சென்னையில் ஏரோநாட்டிகல் படித்துவிட்டு வந்தவள் நான். சுற்றுப்பாதைக் கணக்கு போடுவதுதான் என் வேலை. செயற்கைக்கோள் எந்த உயரத்தில் சுற்றினால் எந்த ஊருக்கு மேல் எத்தனை மணிக்கு வரும், தரை நிலையத்தோடு எத்தனை நிமிடம் பேசும், இப்படி. இருபத்திரண்டு பேர் இருந்த ஆபீஸ் அது. அனுமதி, பதிவு, அலைவரிசை சம்பந்தமான காகிதங்களுக்குத் தனி ஆள் கிடையாது. யாருக்கு நேரம் இருக்கிறதோ அவர் நிரப்புவார்.

2023ல் இந்திய விண்வெளிக் கொள்கை வந்த சில மாதங்களில், அந்தக் காகிதங்களில் ஒரு பகுதி என் மேஜைக்கு வந்தது. ஆயுள் முடிந்த கோளை என்ன செய்யப் போகிறோம் என்று விளக்க வேண்டிய பகுதி. மற்ற பக்கங்கள் நிரம்பியிருந்தன, அது மட்டும் காலியாக இருந்தது. "உனக்குத்தான் ஆர்பிட் தெரியுமே, நீயே எழுதிடு" என்றார் மேலாளர். இன்று நான் பார்க்கும் வேலை முழுக்க அந்த ஒரு பக்கத்திலிருந்து வந்ததுதான். இந்தத் துறைக்கு வர என்ன படிக்க வேண்டும் என்று தம்பி தங்கைகள் கேட்கும்போதெல்லாம் அந்தப் பக்கத்தைப் பற்றித்தான் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. எங்கள் கோள் நாற்பது கிலோ, சொந்த எஞ்சின் கிடையாது. எஞ்சின் இல்லாத கோளைக் கீழே கொண்டுவருவது காற்று மட்டும்தான். 500 கிலோமீட்டர் உயரத்திலும் மிக மெல்லிய காற்று இருக்கிறது. அது கோளை உரசி உரசி அதன் ஆற்றலைத் தின்று, வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இழுக்கும். உயரம் சற்று கூடினாலும் இந்தக் கணக்கு எங்கோ போய்விடும். 450ல் ஓரிரு ஆண்டில் விழும் கோள், 600ல் இருபது ஆண்டு வரைகூட சுற்றிக்கொண்டிருக்கலாம். 800ல் நூறு ஆண்டையும் தாண்டும். சூரியனுக்கும் இதில் பங்கு உண்டு. அது கொந்தளிக்கும் காலத்தில் மேல் வளிமண்டலம் உப்பிவிடும், இழுவை கூடும். 2022 பிப்ரவரியில் ஏவிய 49 ஸ்டார்லிங்க் கோள்களில் சுமார் 40 அப்படித்தான் சில நாட்களில் திரும்பி வந்து எரிந்தன.

எங்களுக்கு மலிவாகக் கிடைத்த ஏவுதல் இடம் 550க்குச் சற்று மேலே. உலகம் நெடுநாளாக ஒத்துக்கொண்டிருந்த வழக்கம் 25 ஆண்டு, அதாவது பணி முடிந்து 25 ஆண்டுக்குள் கோள் கீழே வந்துவிட வேண்டும். அந்த அளவுக்கு எங்கள் கோள் தாராளமாகப் பொருந்தியது. ஆனால் 2022 செப்டம்பரில் அமெரிக்காவின் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி அதை 5 ஆண்டாகக் குறைத்துவிட்டது. அமெரிக்கச் சந்தைக்குள் வர அனுமதி கேட்கும் வெளிநாட்டுக் கோள்களுக்கும் அது பொருந்தும். எங்களுக்கு வரவிருந்த பெரிய வாடிக்கையாளர் அமெரிக்காவில் இருந்தார். இதை மீட்டிங்கில் சொன்னேன். வணிகப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தவர் கோபப்படவில்லை, நிதானமாகத்தான் கேட்டார்: "அஞ்சு வருஷம் கழிச்சு யாரு வந்து பார்க்கப் போறாங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றிரவு ஹாஸ்டலில் உட்கார்ந்து 1967ஆம் ஆண்டு விண்வெளி ஒப்பந்தத்தை முதன்முறையாகப் படித்தேன். பதினேழே உறுப்புகள், ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆறாவது உறுப்பில் பதில் இருந்தது. தனியார் எதைச் செய்தாலும் அதற்கு அவர்களுடைய நாடு பொறுப்பு. நாடு அவர்களுக்கு அனுமதி தர வேண்டும், தொடர்ந்து மேற்பார்வையும் பார்க்க வேண்டும். அடுத்து 1972ஆம் ஆண்டு இழப்பீட்டு ஒப்பந்தம். தரையில் விழுந்து சேதம் செய்தால், தவறு யாருடையது என்ற கேள்வியே இல்லாமல் ஏவிய நாடு ஈடு கட்ட வேண்டும். 1978ல் அணு உலையோடு இருந்த சோவியத் கோளான காஸ்மோஸ் 954 கனடாவின் வடக்கே சிதறி விழுந்தது. கனடா சுமார் 60 லட்சம் கனடிய டாலர் கேட்டது, 1981ல் 30 லட்சத்துக்கு ஒத்துக்கொண்டது. அப்போதுதான் புரிந்தது. அந்தக் காலிப் பக்கத்தைக் கேட்பது ஏதோ ஒரு அதிகாரியின் விருப்பம் இல்லை. நாளை எங்கள் கோளுக்காகப் பதில் சொல்லப்போவது இந்திய அரசு, அது தன் கையைக் காத்துக்கொள்கிறது.

இதில் எனக்குச் சொந்தக் காரணமும் உண்டு. என் ஊர் தூத்துக்குடி மாவட்டம், குலசேகரன்பட்டினத்துக்குப் பக்கம். 2024 பிப்ரவரி 28 அன்று அங்கே இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே நேராக ஏவினால் இலங்கை குறுக்கே வரும், அதனால் ராக்கெட் வளைந்து போய் எரிபொருளை வீணாக்க வேண்டியிருக்கிறது. எங்கள் கடற்கரையில் அந்தத் தடை இல்லை. ஊரே சந்தோஷப்பட்டது. அம்மா போனில் கேட்டது ஒன்றுதான்: "ஏட்டி, அது நம்ம ஓட்டு மேல விழுந்துராதா?" மீட்டிங்கில் கேட்ட கேள்வியும் அம்மா கேட்ட கேள்வியும் எனக்கு ஒன்றாகவே பட்டன. இரண்டுக்கும் ஒழுங்கான பதில் எழுத வேண்டும் என்று தோன்றியது.

சட்டத்தைத் தொலைநிலையில் படித்தேன், ஒரு ஆண்டுப் பட்டயம். நெதர்லாந்தில் உள்ள லெய்டன், மாண்ட்ரியாலில் உள்ள மெக்கில் போன்ற பல்கலைக்கழகங்களில் போய்ப் படிப்பது சிறப்புதான், எனக்கு அதற்குப் பணம் இல்லை. பட்டயத்தைவிட அதிகமாகக் கற்றுக்கொடுத்தது வேறொன்று. எஃப்சிசியிடம் நிறுவனங்கள் கொடுக்கும் விண்வெளிக் குப்பை மதிப்பீட்டு அறிக்கைகள் பெரும்பாலும் பொதுவில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். தினமும் இரவு ஒன்று என்று வைத்துக்கொண்டு அறுபதுக்கு மேல் படித்தேன். எந்த நிறுவனம் எதை மழுப்புகிறது, எது நேராகச் சொல்கிறது என்று கண்ணுக்குப் பழகிவிட்டது. நாசாவின் டாஸ், ஐரோப்பிய விண்வெளி முகமையின் டிராமா என்று, கோள் எப்போது விழும் என்று கணக்கிடும் இரண்டு மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அந்த அறிக்கைகளில் உள்ள கோள்களை எடுத்து நானே கணக்கிட்டு, அவர்கள் விடையோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை.

பொறியியல் படித்தவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. எல்லா ஆவணத்தையும் விதி என்றே நாம் படிப்போம். ஐ.நா.வின் விண்வெளிக் குழு 2019ல் ஏற்ற நீண்டகால நிலைத்தன்மை வழிகாட்டுதல்கள் 21, யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. எஃப்சிசியின் 5 ஆண்டு கட்டுப்படுத்தும். இந்த வித்தியாசம் தெரியாமல் மீட்டிங்கில் பேசினால் வக்கீல் ஒரே நிமிடத்தில் நம்மை உட்கார வைத்துவிடுவார். அதேபோல வக்கீல்கள் "வழிகாட்டுதல்தானே" என்று ஒதுக்கும் ஒன்று, அடுத்த ஆண்டு அனுமதிப் படிவத்தில் கட்டாயக் கேள்வியாக வந்து நிற்கும். இரண்டு பக்கமும் தெரிந்த ஆள் குறைவு. அந்த இடைவெளியில்தான் எனக்கு வேலை கிடைத்தது.

நிர்வாகத்தைச் சம்மதிக்க வைக்க ஒப்பந்த உறுப்புகள் உதவவில்லை. இரண்டு செய்திகள் உதவின. 2023 ஜூலையில் சந்திரயான்-3 ஏவப்பட்டபோது, வேறொரு பொருளோடு மோதும் வாய்ப்பைத் தவிர்க்க 4 விநாடி தள்ளி ஏவினார்கள். நிலவுக்குப் போகும் ராக்கெட்டே குப்பைக்காக நின்று போகிறது என்றதும் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அடுத்தது 2023 அக்டோபரில், எக்கோஸ்டார்-7 என்ற கோளைச் சொன்ன உயரத்துக்குத் தள்ளாமல் விட்டதற்காக டிஷ் நிறுவனத்துக்கு எஃப்சிசி போட்ட ஒன்றரை லட்சம் டாலர் அபராதம். புவிநிலைப் பாதை மிக உயரத்தில் இருப்பது, அங்கே ஆயுள் முடிந்த கோளைக் கீழே இறக்காமல் மேலே ஒதுக்கிவிடுவார்கள். அந்தப் பாதையிலிருந்து 300 கிலோமீட்டர் மேலே கொண்டுபோவதாகச் சொன்ன கோள், எரிபொருள் தீர்ந்து 122 கிலோமீட்டரோடு நின்றுவிட்டது. விண்வெளிக் குப்பைக்காக எஃப்சிசி போட்ட முதல் அபராதம் அது. யார் வந்து பார்ப்பார்கள் என்று கேட்டவர் அந்தச் செய்தியை இரண்டு முறை படித்தார்.

2024 மே மாதம், தனியார் விண்வெளி வேலைகளுக்கு அனுமதி தரும் அரசு அமைப்பான இன்-ஸ்பேஸ் விரிவான நடைமுறைகளை வெளியிட்டது. அதற்கேற்ப எங்கள் விண்ணப்பத்தை மறுபடி எழுத வேண்டியிருந்தது. அப்போதுதான் என் பழைய கணக்கில் தவறு இருப்பதைக் கண்டேன். பணி முடிந்து நான்கரை ஆண்டில் கோள் விழும் என்று எழுதியிருந்தேன். விரிந்த சோலார் பலகையின் முழு முகமும் காற்றை எதிர்த்து நிற்பதாக வைத்துப் போட்ட கணக்கு அது. உயிரோடு இருக்கும் கோளை அப்படித் திருப்பி நிறுத்தலாம். செத்த கோள் கண்டபடி புரளும், காற்றில் படும் பரப்பு சராசரியில் பாதிதான். திருத்திப் போட்டபோது எட்டு ஆண்டுக்கு மேல் வந்தது. ஒரு ராத்திரி தூங்கவில்லை. காலையில் முதல் வேலையாக மேலாளரிடம் இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். கட்டமைப்புக் குழு வடிவமைப்பை முடித்திருந்த நேரம், அறையில் ஒருவரும் பேசவில்லை. மேலாளர் மட்டும் "இப்பவே சொன்னியே, நல்லது" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக இன்றும் அவருக்கு நன்றி சொல்கிறேன்.

வழி மூன்று இருந்தன: உயரம் குறைந்த ஏவுதல், சின்ன எஞ்சின், இழுவைப் பாய். முதல் இரண்டுக்கும் பணமும் காலமும் இல்லை. இழுவைப் பாய் என்பது மடித்து வைத்த மெல்லிய படலம். பணி முடிந்ததும் விரிந்து காற்றைப் பிடிக்கும், கோளை விரைவாக இறக்கும். என் தாத்தா பாய் கட்டிய வள்ளத்தில் கடலுக்குப் போனவர். அவர் பாய் வள்ளத்தை ஓட்டியது, இது வள்ளத்தை நிறுத்தப் பிடிக்கும் பாய். பாயைச் சேர்த்து எழுதினோம், ஆயுள் மூன்று ஆண்டுக்குள் வந்தது. நிம்மதியாக அனுப்பினோம்.

மூன்று வாரத்தில் கேள்வி திரும்பி வந்தது. அதன் சாரம்: பணி நடுவிலேயே கோள் செயலிழந்துவிட்டால் பாயை விரிக்கும் கட்டளையை யார் கொடுப்பது?

அதைப் படித்ததும் எனக்கு வந்தது எரிச்சல் இல்லை, மரியாதை. அந்தப் பக்கத்தை யாரோ உண்மையாகப் படித்திருக்கிறார். சிறிய கோள்கள் பல, பணி முடிந்து கௌரவமாகச் சாவதில்லை. ஏவிய சில வாரங்களிலேயே பேச்சு நின்றுபோகும். பாயின் கட்டளை கோளின் கணினி வழியாகப் போனால், கணினி செத்த அன்றே பாயும் செத்தது. ஆகவே பாய்க்குத் தனி பேட்டரி, தனி கடிகாரம் வைத்தோம். தரையிலிருந்து இத்தனை நாள் எந்தக் கட்டளையும் வராவிட்டால் தானே விரியும். ஆனால் தரை நிலையம் பழுதாகி நாம் சில வாரம் பேச முடியாமல் போனால்? நல்ல கோள் பணி நடுவில் பாயை விரித்துக்கொண்டு விழத் தொடங்கும். அந்த நாள் கணக்கை முடிவு செய்ய மின்னணுக் குழு, தரை நிலையக் குழு, வணிகப் பிரிவு, வக்கீல் எல்லோரும் ஒரே அறையில் உட்கார வேண்டியிருந்தது. கூட்டத்தை நடத்தியது நான். என் வேலை மாறிவிட்டதை நான் உணர்ந்தது அந்த அறையில்தான்.

கூடவே பாஸிவேஷன், அதாவது கோள் சாகும்போது அதில் வெடிக்கக்கூடிய எதையும் மிச்சம் வைக்காமல் இருப்பது. எரிபொருளைத் தீர்ப்பது, பேட்டரியைத் துண்டிப்பது. இதை யாராவது சாதாரணமாக எடுத்துக்கொண்டால் நான் சொல்வது நம் கதையைத்தான். 2001 அக்டோபரில் பறந்த பிஎஸ்எல்வி-சி3 ராக்கெட்டின் கடைசி நிலை, வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு, டிசம்பரில் வெடித்து 300க்கு மேற்பட்ட துண்டுகளானது. அதன் பிறகுதான் இஸ்ரோ மேல் நிலைகளில் மிச்சத்தைக் காலி செய்யத் தொடங்கியது. இன்று அதே பிஎஸ்எல்வியின் கடைசி நிலையை போயம் என்ற பெயரில் ஆய்வு மேடையாகப் பயன்படுத்தி, 2024 மார்ச்சில் ஒன்றைப் பாதையில் எதுவும் மிஞ்சாமல் இறக்கியும் காட்டினார்கள். கற்றுக்கொள்ள 20 ஆண்டு ஆனாலும் கற்றுக்கொண்டார்கள், அதில் எனக்குப் பெருமை.

அனுமதி கிடைத்தது. அலைவரிசை அனுமதி தனிக் கதை, அதைவிட நீளம், அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

இந்தக் காலத்தில் ஸ்பேஸ் ஜெனரேஷன் அட்வைசரி கவுன்சிலில் சேர்ந்திருந்தேன். 18 முதல் 35 வயது வரை உள்ளவர்களுக்கான அமைப்பு, ஐ.நா. விண்வெளிக் குழுவில் பார்வையாளர் இடம் உண்டு. பாதுகாப்பு, நிலைத்தன்மை பற்றிய குழுவில் தன்னார்வமாக எழுதினேன். 2025 பிப்ரவரியில் வியன்னா போக வாய்ப்பு வந்தது, செலவில் பாதி என் சேமிப்பு. நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள், ஒருவர் மறுத்தாலும் எதுவும் நகராது. "செய்ய வேண்டும்" என்பதா "செய்ய ஊக்குவிக்கப்படுகிறது" என்பதா என்ற அளவில் பேச்சு மணிக்கணக்கில் போகும். நீண்டகால நிலைத்தன்மைக்கான பணிக்குழுவுக்கு அப்போது தலைவராக இருந்தவர் இந்தியாவைச் சேர்ந்த உமாமகேஸ்வரன். முதல் நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. இரண்டாம் நாள், என் மேஜைக்கு வந்த அந்தக் காலிப் பக்கம் இப்படிப்பட்ட ஒரு அறையில்தான் தொடங்கியிருக்கும் என்று தோன்றியது. அப்புறம் ஒரு வார்த்தையையும் விடாமல் குறித்துக்கொண்டேன்.

வேலை மாறியது அதற்குப் பிறகு. ஒன்பது இடத்தில் விண்ணப்பித்து ஏழு இடத்தில் பதிலே இல்லை. "கொள்கை" என்று தேடினால் வேலைகள் அதிகம் கிடைக்காது. லைசென்சிங், ரெகுலேட்டரி, மிஷன் அஷ்யூரன்ஸ் என்ற பெயர்களில் தேடுங்கள், காப்பீட்டுத் தரகு நிறுவனங்களையும் பாருங்கள். நேர்காணலில் பட்டயத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பாயைப் பற்றி எழுதிய நான்கு பக்கத்தைத்தான் முக்கால் மணி நேரம் துருவினார்கள். நான் செய்த தவறையும் சொன்னேன், எப்படிக் கண்டேன் என்பதையும் சொன்னேன். சம்பளம் முன்பைவிடக் கொஞ்சம் குறைவு, தெரிந்தே சேர்ந்தேன்.

2030க்குள் இந்தியாவின் எல்லாப் பயணங்களும், தனியாருடையதும் சேர்த்து, குப்பை விடாமல் நடக்க வேண்டும் என்று இஸ்ரோ 2024ல் இலக்கு அறிவித்திருக்கிறது. இப்போது என் கையில் ஆறு கோள்கள் கொண்ட ஒரு திட்டம் இருக்கிறது. நான்கில் எஞ்சின் உண்டு, இரண்டில் இல்லை. அந்த இரண்டுக்கும் பாய். கடிகாரத்தை 30 நாளுக்கு வைப்பதா 90 நாளுக்கு வைப்பதா என்று தரை நிலையக் குழுவோடு இன்னும் இழுபறி. வியாழக்கிழமைக்குள் எண்ணை எழுதிக் கொடுக்க வேண்டும்.